எம்.சி.கியூ. (பல்தேர்வு வினா) பேப்பரில் பெருக்கலே நேரத்தைத் தின்கிறது. கெதியாகப் பெருக்க வழி சொல்லுங்கள்

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோப்பாய். உயர்தரம் உயிரியல் பிரிவு, இந்த வருடம் இரண்டாவது தடவையாக எழுதப் போகிறேன். முதல் தடவை மூன்று பாடமும் சித்திதான், ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி நினைத்த இடத்துக்கு வரவில்லை. நல்லூர்த் தேர் முடிந்த கையோடு வீட்டில் ரி.வி.யை நிறுத்திவிட்டார்கள். எனக்காக எல்லோரும் மெதுவாகக் கதைத்துக்கொண்டு திரிகிறார்கள். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கிறது. அதனால்தான் கூச்சத்தை விட்டுவிட்டு இதைக் கேட்கிறேன்.

பௌதிகவியல் எம்.சி.கியூ.வில் 50 வினா, 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். போன ஞாயிறு ரியூசனில் வைத்த மாதிரிப் பரீட்சையில் மணி அடித்தபோது நான் 39 ஆவது வினாவில் நின்றேன். மிச்சம் 11 வினாவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டேன். செய்த 39 இல் 33 சரி. பாடம் தெரியாமல் விட்டது என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து அதே தாளை மறுபடி செய்து, ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் எத்தனை செக்கன் போனது என்று பென்சிலால் குறித்தேன். அப்போதுதான் விளங்கியது. உதாரணத்துக்கு ஒன்று: 0.38 கிலோகிராம் நீரை 27 பாகையால் சூடாக்க வேண்டிய வெப்பம் எவ்வளவு? நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4200. எதை எதால் பெருக்குவது என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்துச் செக்கன் கூடப் போகவில்லை. பெருக்கத்தான் கிட்டத்தட்ட மூன்று நிமிடம். 0.38 ஐ 4200 ஆல் பெருக்கி 1596. அதை 27 ஆல் பெருக்கும்போது கையிருப்பு ஒன்றைக் கூட்ட மறந்து 42092 என்று வந்தது. மனதுக்குச் சரியாகப் படாமல் திரும்பச் செய்ய 43092. அப்புறம் தசமத்தை எங்கே வைத்தேன் என்ற சந்தேகத்தில் இன்னொரு தரம். இதில் கவலை என்னவென்றால், தந்திருந்த ஐந்து விடையும் இவைதான்: 4.3×10³, 2.1×10⁴, 4.3×10⁴, 8.6×10⁴, 4.3×10⁵. நான் அவ்வளவு துல்லியமாகச் செய்திருக்கவே தேவையில்லை.

யூடியூப்பில் மூன்று செக்கனில் பெருக்கலாம் என்று வருகிற வீடியோக்களையும் பார்த்தேன். 11 ஆல் பெருக்க ஒரு தந்திரம், 99 ஆல் பெருக்க இன்னொன்று, நூறுக்குக் கிட்டவுள்ள எண்களுக்கு வேறொன்று. பார்க்கும்போது நன்றாக இருக்கிறது. மண்டபத்தில் இருக்கும்போது எது எதற்கென்று ஞாபகம் வருவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எண்களைக் கிட்டத்தட்டப் பெருக்கினால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு கிட்ட வந்தால் போதும்? அது போதும் என்று எப்படித் தெரியும்? எனக்குப் பயம், கிட்டத்தட்ட என்று போய்ப் பக்கத்து விடையில் விழுந்துவிடுவேனோ என்று.

அறிவியல்நகர்:

தங்கச்சி, நான் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், கிளிநொச்சி வளாகம், மூன்றாம் வருடம். கேள்வியிலேயே பாதி விடையை நீ எழுதிவிட்டாய்.

பெருக்கத் தொடங்குவதற்கு முதல் ஐந்து விடையையும் பார். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பதுதான் நீ எவ்வளவு கவனமாகப் பெருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். நீ தந்த வினாவில் பக்கத்து விடைகள் இரண்டு மடங்கு தூரத்தில் நிற்கின்றன. 0.4×4000×30 என்று போட்டாலும் 48000 வரும், அதற்குக் கிட்ட நிற்பது 4.3×10⁴ ஒன்றுதான். அடுத்த விடை 86000. அவ்வளவு தூரம் நீ தவறிப் போக மாட்டாய். ஆனால் விடைகள் 4.1, 4.2, 4.3, 4.4 என்று நின்றிருந்தால் இந்த வேலை சரிவராது. அப்படி வரும் வினாக்கள் ஒரு தாளில் கொஞ்சம்தான். அதற்கு ஒரு அடையாளம் போட்டுவிட்டுக் கடைசியில் வா.

மாறிலிகளை முன்கூட்டியே சமைத்து வைத்துக்கொள். நான் இரசாயனவியலில் இதனால்தான் தப்பினேன். பிளாங்கின் மாறிலி 6.626×10⁻³⁴, ஒளியின் வேகம் 3×10⁸. இரண்டையும் பெருக்கினால் 1.99×10⁻²⁵, அதாவது 2×10⁻²⁵ என்றே எடுக்கலாம். 500 நனோமீற்றர், அதாவது 5×10⁻⁷ மீற்றர் ஒளியின் போட்டோன் சக்தி கேட்டால் 2 ஐ 5 ஆல் வகுத்து 4×10⁻¹⁹ யூல். ஒரு மூலுக்குக் கேட்டால் அவகாதரோ மாறிலியும் சேர்ந்து 0.12 ஆகிவிடும். 0.12 ஐ 5×10⁻⁷ ஆல் வகுத்தால் 2.4×10⁵, அதாவது 240 கிலோயூல்.

வாயு மாறிலியும் அப்படித்தான். வெப்பநிலை 27 பாகை என்று தந்தால் அது 300 கெல்வின். 8.314×300 = 2494. அதை 2500 என்று எடு. 2500 ஆல் வகுப்பது என்றால் 4 ஆல் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுப்பது. அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி 415 வந்திருந்தால், 415×4 = 1660, மூல் எண்ணிக்கை 0.166. பேனையே தேவையில்லை. பை வர்க்கம் 9.87, அதை 10 என்று எடு. ஊசல் கணக்கில் அது புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 உடன் வெட்டுப்பட்டும் போகும்.

இன்னொன்று. பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. அதனால் எதையும் வெறுமையாக விடாதே. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடாதே. பருமனைப் பார்த்தாலே ஐந்தில் இரண்டு மூன்று விடைகள் விழுந்துவிடும்.

சந்தைக்காரர் மகன்:

பிள்ளை, நான் படிப்பிக்கிறவன் இல்லை. மருதனார்மடத்தில் ஹாட்வெயர் கடை வைத்திருக்கிறேன். மகள் போன வருடம் உயர்தரம் எழுதினாள், உனக்கிருக்கிற இதே கரைச்சல் அவளுக்கும் இருந்தது. மேலே தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நீ கேட்ட கேள்வியில் ஒரு பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. கிட்டத்தட்ட என்று போய்ப் பக்கத்து விடையில் விழாமல் இருப்பது எப்படி என்று கேட்டாயே, அது. அதற்கு எனக்குத் தெரிந்த விடை எங்கள் அப்பாவிடம் இருந்து வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்றவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த மனிதர். 1992 இல் நான் ஓ.எல். (சாதாரண தரம்) வகுப்பு. யுத்த காலம். குடாநாட்டில் கரண்ட் இல்லை. பற்றரி வர விடமாட்டார்கள், மண்ணெண்ணெய் எண்ணி எண்ணித்தான் ஊற்றுவது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் படிப்பு. அந்த விளக்கு சரித்திரத்துக்கும் சமயத்துக்கும்தான் காணும். கணக்குக்கு அப்பா விளக்கை அணைத்துவிடுவார். முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு இருட்டுக்குள் கேட்பார்: "பதினேழு கிலோ முந்நூற்றைம்பது. கிலோ இருபத்தெட்டு ரூபா. சொல்லு."

விடையை உடனே சொல்ல விடமாட்டார். மூன்று கேள்வி கேட்பார், எப்போதும் அதே வரிசையில். கிட்டத்தட்ட எவ்வளவு? கூடவோ குறையவோ? எவ்வளவு கூட? நான் சொல்வேன்: பதினேழரை கிலோ என்று எடுத்தால், பதினேழரையை இரட்டித்து 35, இருபத்தெட்டைப் பாதியாக்கி 14. முப்பத்தைந்து பதினான்கு 490. இது முதல் கேள்விக்கு. அப்புறம், நான் நிறையைக் கூட்டி எடுத்ததால் 490 கூட. இது இரண்டாவது. 150 கிராம் கூட எடுத்தேன், அதன் விலை 4 ரூபா 20 சதம். ஆக 485 ரூபா 80 சதம். இருட்டுக்குள் அவர் "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அது வந்தால் சரி.

முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவது பரீட்சையில் பெரும்பாலும் தேவைப்படாது. ஆட்கள் விடுவது இரண்டாவதைத்தான். எண்களை மட்டந்தட்டிப் பெருக்கிவிட்டு, வந்த விடை உண்மையான விடைக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று கேட்க மறந்துவிடுவார்கள். அது தெரியாத மதிப்பீடு அரைகுறை. அது தெரிந்துவிட்டால் இரண்டு விடைகளுக்கு நடுவில் வந்து விழுந்தாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

உன்னுடைய கணக்கையே எடு. பள்ளிக்கூடத்தில் 0.38 ஐ 0.4 ஆகவும் 27 ஐ 30 ஆகவும் மட்டந்தட்டப் படிப்பித்திருப்பார்கள். இரண்டும் மேலே போய்விட்டது. 0.4×4200×30 = 50400. உண்மை 43092. அது கிட்டத்தட்ட நூற்றுக்குப் பதினேழு கூட. ஒரு எண்ணைக் கூட்டினால் மற்றதைக் குறைக்க வேண்டும். 0.38 ஐ 0.4 ஆக்கினாயா, அப்படியானால் 27 ஐ 25 ஆக இறக்கு. 4200 ஐத் தொடாதே. இப்போது பார், 0.4 உம் 25 உம் பெருக்கினால் 10. பத்துத் தரம் 4200, 42000. எழுத ஒன்றுமே இல்லை.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, தராசு மாதிரி. ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்க வேண்டும். எவ்வளவு ஏறியது என்பதை வித்தியாசத்தில் பார்க்காமல் நூற்றுக்கு எவ்வளவு என்று பார். 0.38 க்கும் 0.40 க்கும் வித்தியாசம் 0.02 தான், ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் 38 இல் 2, அது நூற்றுக்கு ஐந்து. 27 ஐ 25 ஆக்கியது நூற்றுக்கு ஏழு. ஐந்து கூட, ஏழு குறைய. ஆக விடை நூற்றுக்கு இரண்டளவில் குறைய நிற்கும். 42000 இல் நூற்றுக்கு இரண்டு 840. ஆக உண்மை விடை 43000 க்குக் கிட்ட என்று இப்போதே சொல்லிவிடலாம்.

மற்றது, கிட்டவுள்ள பத்துக்குப் போகாதே, மற்ற எண்ணோடு ஒத்துப்போகிற எண்ணுக்குப் போ. 27 க்கு 30 கிட்டவோ 25 கிட்டவோ என்று பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. பக்கத்தில் 0.4 நிற்கும்போது 25 தான் நல்ல கூட்டாளி. 4 க்கு 25, 8 க்கு 125, 2 க்கு 5, 16 க்கு 625. இந்தச் சோடிகள் கண்ணில் பட்டவுடன் சேர்த்துவிடு.

எங்கள் ஆச்சி கால், அரைக்கால், வீசம் என்றுதான் கணக்குச் சொல்வா. அந்தக் காலத்து எண்சுவடியில் பிள்ளைகள் கீழ்வாய் என்கிற பின்னங்களையும் பாடமாக்கினார்கள். உனக்கு அது முழுக்கத் தேவையில்லை, ஆனால் நாலு சொல் தெரிந்தால் தசமம் பயம் காட்டாது. 0.125 அரைக்கால், எட்டில் ஒன்று. 0.375 காலே அரைக்கால், எட்டில் மூன்று. 0.875 முக்காலே அரைக்கால், எட்டில் ஏழு. 0.0625 வீசம், பதினாறில் ஒன்று. 0.375×64 என்று கண்டால் தசமப் பெருக்கல் செய்யாதே. அறுபத்துநான்கில் எட்டில் ஒன்று 8, மூன்று எட்டு 24. உன்னுடைய 0.38 கூடக் காலே அரைக்காலுக்கு மிகக் கிட்ட. 4200 இல் எட்டில் ஒன்று 525, மூன்று மடங்கு 1575. உண்மை 1596. இதுவும் உதவும்.

கடையில் இன்றைக்கும் இப்படித்தான். தரை 13 அடி 9 அங்குலம், 11 அடி 6 அங்குலம், எத்தனை சதுர அடி மாபிள் என்று கேட்டால், பதினாலு பதினொன்றரை 161. கால் அடி கூட எடுத்தேன், அதற்கு 3 கழி, 158. கல்குலேற்றரில் அடித்துப் பார்த்தால் 158.125 வரும். பெடியன் கல்குலேற்றரைத் தேடி எடுக்க முதல் நான் சொல்லிவிடுவேன்.

பயிற்சிக்கு ஒரு வழி. அடுத்த சனிக்கிழமை அம்மாவோடு சந்தைக்குப் போ. வியாபாரி கணக்குச் சொல்ல முதல் நீ மனதுக்குள் மூன்று கேள்வியையும் முடி. பென்சில் இல்லாத இடத்தில்தான் இது பழகும்.

கரவெட்டி ரீச்சர்:

மகள், இரண்டு பேரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். சந்தைக்காரர் மகன் எழுதிய அந்த "கூடவோ குறையவோ" என்பதை என் வகுப்பிலும் சொல்லப் போகிறேன். ஆனால் நான் ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள், எனக்கு ஒரு மனக்குறை. இதை வாசிக்கிற சின்னப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் மதிப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்துவிடக் கூடாது.

ஓ.எல். பகுதி இரண்டில் செய்கைக்குத்தான் புள்ளி. அங்கே 42000 என்று எழுதினால் யாரும் புள்ளி தரமாட்டார்கள். உயர்தரக் கட்டுரை வினாக்களும் அப்படியே. அங்கே மதிப்பீடு விடையைக் காவல் காக்கத்தான். மடக்கை அட்டவணை பார்க்கிற பிள்ளைகளில் நான் வருடாவருடம் காண்கிற பிழை, சிறப்பியல்பை, அதாவது மடக்கையின் முழுவெண் பகுதியை, தவறாகப் போட்டுப் பத்து மடங்கு தள்ளிப் போவது. 0.0482×73.6 என்ற கணக்கில் 35.5 என்று எழுதிவிட்டுச் சந்தோஷமாக அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். 0.05×70 = 3.5 என்று ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் பிடிபட்டிருக்கும். என் பிள்ளைகளிடம் அந்த ஒரு வரியை மடக்கை அட்டவணையைத் திறக்க முதல் எழுத வைக்கிறேன்.

மற்றது, சில வேளைகளில் மதிப்பிடுவதை விடச் சரியாகச் செய்வதே சுகம். உன்னுடைய கணக்கை நான் பார்த்தவுடன் என் கண்ணில் பட்டது 38×42. நாற்பதுக்கு இரண்டு குறைய, நாற்பதுக்கு இரண்டு கூட. நாற்பதின் வர்க்கம் 1600, இரண்டின் வர்க்கம் 4, கழித்தால் 1596. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், நீ ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் படித்ததுதான். அதற்குப் பிறகு 1600×27 = 43200, அதிலிருந்து நாலு இருபத்தேழு 108 ஐக் கழி. 43092. நீ மூன்று நிமிடம் போராடியதற்கு இது பதினைந்து செக்கன்.

விடை சரியா என்று பார்க்க மறுபடி பெருக்காதே. இலக்கங்களைக் கூட்டு. 38 க்கு 3+8 = 11, அதையும் கூட்டினால் 2. 42 க்கு 6. பெருக்கினால் 12, அது 3. 1596 க்கு 1+5+9+6 = 21, அதுவும் 3. சரி. உன்னுடைய பிழையான 42092 ஐ இப்படிப் பார். 27 ஆல் பெருக்கியதால் இலக்கங்களின் கூட்டு ஒன்பதின் மடங்காக வர வேண்டும். 4+2+0+9+2 = 17. வரவில்லை. கையிருப்பு விடுபட்டது அங்கேயே தெரிந்திருக்கும். இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்தாலோ, தசமம் தள்ளிப் போனாலோ, பிழை ஒன்பதின் மடங்காக வந்தாலோ இந்த முறை காட்டிக்கொடுக்காது, அதை நினைவில் வை.

மழைக்குருவி:

அண்ணா, அங்கிள், ரீச்சர், மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. நேற்றுப் பின்னேரம் யாழ் பொது நூலகத்தில் இருந்து வேறொரு மாதிரித்தாள் செய்தேன். 47 வினா வரை வந்துவிட்டேன். நான் இதுவரை 40 ஐத் தாண்டினதே இல்லை. செய்த 47 இல் 41 சரி.

விடைகளை முதலில் பார்ப்பதுதான் பெரிய மாற்றம். பாதி வினாக்களுக்குப் பருமனைப் பார்த்தாலே போதுமாக இருந்தது.

ஆனால் ஒரு வினாவில் மதிப்பிட்டுத்தான் பிழைத்தேன், அது ஏன் என்று விளங்கவில்லை. சுருளிவில் ஒன்றை 0.215 மீற்றர் இழுக்க 37.6 நியூற்றன் விசை வேண்டும், வில் மாறிலி என்ன? விடைகள் 135, 155, 175, 188, 200. அங்கிள் சொன்னபடிதான் செய்தேன். 37.6 ஐக் கூட்டி 40. அதனால் மற்றதைக் குறைத்து 0.2. 40 ஐ 0.2 ஆல் வகுத்தால் 200. அதுவே விடைகளில் இருந்தது, சந்தேகமே இல்லாமல் போட்டேன். சரியான விடை 175. ஒரு தட்டு ஏற மற்றது இறங்கினதுதானே?

சந்தைக்காரர் மகன்:

பிள்ளை, பிழை என்னுடையது. பெருக்கலுக்கு மட்டும் சொல்லிவிட்டு வகுத்தலைச் சொல்லாமல் விட்டேன். உனக்கு அந்தப் புள்ளி போனது எனக்கு நெஞ்சில் குத்துகிறது.

வகுத்தலில் தராசு மாறிவிடும். இரண்டையும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். இப்படி யோசி. ஒரு பெட்டி மாம்பழத்தை ஆட்களுக்குப் பங்கு வைக்கிறாய். பழத்தையும் கூட்டி ஆளையும் குறைத்தால் ஒவ்வொருவர் பங்கும் இரண்டு தரம் ஏறும். நீ செய்தது அதுதான். 37.6 ஐ 40 ஆக்கியதில் நூற்றுக்கு ஆறு ஏறியது, 0.215 ஐ 0.2 ஆக்கியதில் இன்னொரு ஏழு ஏறியது. இரண்டும் சேர்ந்து பதினாலளவு. 175 இல் நூற்றுக்குப் பதினாலு 25 க்குக் கிட்ட, 200 இல் போய் விழுந்தாய்.

பழம் குறைந்தால் ஆளும் குறைய வேண்டும், அப்போதுதான் பங்கு மாறாது. 0.215 ஐ 0.2 ஆக இறக்கினாயா, அப்படியானால் 37.6 ஐயும் இறக்கு. 35. முப்பத்தைந்தை 0.2 ஆல் வகுத்தால் 175. கீழே உள்ளதை முதலில் மாற்று. வகுக்கச் சுகமான எண்ணாக அதை ஆக்கிவிட்டு, அது போன பக்கமே மேலே உள்ளதையும் அதே அளவுக்குக் கொண்டுபோ.

இன்னொரு இடத்திலும் கால் வழுக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வர்க்கம் வந்தால் நீ தள்ளியது இரண்டு தரம் எண்ணப்படும். ஆரை 0.47 என்று தந்து வட்டப் பரப்பைக் கேட்டால், 0.47 ஐ 0.5 ஆக்கியது நூற்றுக்கு ஆறுதானே என்று நினைப்பாய். வர்க்கித்தால் 0.25, உண்மை 0.2209. நூற்றுக்குப் பதின்மூன்று ஏறிவிட்டது. வர்க்கத்துக்கு ரீச்சர் சொன்ன வழியையே திருப்பிப் போடு. 47 இல் மூன்றைக் கூட்டி 50, மூன்றைக் குறைத்து 44. ஐம்பது நாற்பத்துநான்கு 2200. மூன்றின் வர்க்கம் 9. ஆக 2209. வர்க்கமூலம் வந்தால் எதிர்மாறு, தள்ளியது பாதியாகக் குறையும். அங்கே கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

அந்த 200 ஐ உனக்கு யாரோ வேண்டுமென்றே விடைகளில் வைத்திருக்கிறார்கள். நல்ல தாள் போடுகிறவர்கள் பிள்ளை எங்கே சறுக்கும் என்று தெரிந்தே விடை வைப்பார்கள். மதிப்பிட்ட விடை அச்சொட்டாக ஒரு விடையோடு பொருந்தினால் சந்தோஷப்படாதே. உன் எண்ணைத் தள்ளிப் பெருக்கினாயே, அப்படியிருக்க எப்படி அச்சொட்டாக வரும்? அந்த இடத்தில் நின்று இரண்டாவது கேள்வியைக் கேள்.

அறிவியல்நகர்:

அங்கிள் கடைசியில் சொன்னதை எனக்கு அந்த நேரம் யாரும் சொல்லித்தரவில்லை. தங்கச்சி, அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வை.

மழைக்குருவி:

எழுதிவிட்டேன் அண்ணா.

சனிக்கிழமை அம்மாவோடு திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் 1 கிலோ 600, கிலோ 340. ஒன்றரை கிலோ 510, நான் குறைத்து எடுத்தேன், நூறு கிராம் 34 கூட்டினால் 544. கடைக்காரர் போனில் அடித்து 544 என்றார். வெங்காயம் இரண்டாவது. அதில் கூடவோ குறையவோ என்று கேட்க மறந்து, கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டேன். மூன்றாவது முருங்கைக்காய், சரி. மூன்றில் இரண்டு.

ஞாயிறு திரும்பவும் ஒரு தாள். 50 உம் செய்து முடிக்க 6 நிமிடம் மிச்சம் இருந்தது. அந்த 6 நிமிடத்தில் அடையாளம் போட்டு வைத்த நாலு வினாவைத் திரும்பப் பார்த்து ஒன்றைத் திருத்தினேன். 43 சரி. பிழைத்த ஏழையும் இருந்து பார்த்தேன். ஒன்றுதான் பெருக்கலில் போனது, வர்க்கம் வந்த வினா. மிச்சம் ஆறும் மின்காந்தத் தூண்டலும் வெப்பக் கடத்தலும். அவற்றை இன்றிரவு திரும்பப் படிக்கப் போகிறேன்.